இறுகும் நேரம்

பதுளை ஆஸ்பத்திரியில், வார்டுக்கு வெளியே சன்னலோரப் பெஞ்சில் ஐஸ் பெட்டியை வைத்துத் திறந்தாள் டிலானி. பேராதனை ஆய்வுகூடத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பெட்டி. வார்டுக்குள் அவள் தம்பி ஷெல்டனுக்காக ஒரு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மடுல்சீமைக்குக் கீழே ஒரு மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் பூச்சிமருந்தடிக்கப் போனவன். முதுகில் சுமந்த டேங்க் ஒழுகிச் சட்டை நனைந்திருக்கிறது. நனைந்த சட்டையோடே மிச்ச வரிசைகளையும் அடித்து முடித்திருக்கிறான். தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வாயில் எச்சில், உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறல்.

“குடிச்சிட்டு வந்திருக்கான்னு நெனச்சேன் பாப்பா,” என்றாள் அம்மா மரியகொரட்டி. காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். “போதை போற வரைக்கும் கெடடான்னு கதவச் சாத்திட்டுக் கொழுந்து பறிக்கப் போயிட்டேன்.”

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்த பிறகுதான் ஓட்டம். பசறை நிஸாமின் லொறி சந்தைக்கு முட்டைக்கோவா மூட்டை ஏற்ற வந்திருந்தது. ஏற்றியிருந்த மூட்டைகளில் பாதியை இறக்கிப் போட்டுவிட்டு ஷெல்டனை ஏற்றினார்கள். அந்த வளைவுகளில் லொறி எவ்வளவு வேகமாகத்தான் போகும்.

டிலானி ஒன்பது வருடமாக ஒரே ஒரு நொதியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியை, சொல்லி முடிந்தவுடன் துடைத்துவிடுவது அதன் வேலை. துடைக்க ஆளில்லாவிட்டால் தசை துடித்துத் துடித்து ஓய்ந்துபோகும். மூச்சும் அப்படித்தான் நிற்கும். அந்த நொதியத்துக்குள் ஒடுக்கமான, ஆழமான ஒரு குழி இருக்கிறது. அதன் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தான் பிறந்த லயத்து ஒற்றையறைக் காம்பராவைவிட நன்றாக அவள் அறிந்துவைத்திருந்தாள். பூச்சிமருந்து போய் உட்காருவது அங்கேதான். முதல் சில மணி நேரத்துக்குள் மாற்று மருந்து கொடுத்தால் அதைப் பிடுங்கிவிடலாம். பிறகு ஒட்டு இறுகிவிடும். இறுகினால் இறுகினதுதான். எந்த மருந்து எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று அளந்ததற்காகத்தான் இரண்டாயிரத்து இரண்டில் அவளுக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்தார்கள்.

“நாங்க அடிக்கிற மருந்தையா அக்கா இத்தன வருசமா படிச்ச?” என்று அன்றைக்கு ஷெல்டன் கேட்டான். “என்னையக் கேட்டிருந்தா ஒரு நாள்ல சொல்லியிருப்பேன். நாத்தம் தாங்காது, அவ்வளவுதான்.”

டொக்டர் அனுமதித்து எடுத்துக்கொடுத்த கொஞ்சம் இரத்தத்தை நிறமே தெரியாத அளவுக்கு நீர்க்கவைத்து, பெட்டியில் கொண்டுவந்த சோதனைத் திரவம் இருந்த ஒரு குழாயில் விட்டாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் விரலைக் குத்தி இன்னொன்றில். நொதியம் வேலை செய்தால் மஞ்சள் வரும். அவளுடையதில் உடனே வந்தது. ஷெல்டனுடையதில் வரவில்லை. மாற்று மருந்தை அந்தக் குழாய்க்குள்ளேயே விட்டுக் காத்திருந்தாள். அப்போதும் வரவில்லை.

உடம்பு அந்த நொதியத்தைப் புதிதாகச் சுரக்க வாரக்கணக்காகும். அதுவரை நெஞ்சு தாங்க வேண்டும். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று டொக்டர் காலையில் அவளிடம் மட்டும், ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்.

நிஸாம் பிளேன்டீயோடு வந்தான். “குடிங்க தங்கச்சி. அவன் எழும்பட்டும், மொத வேலையா என்ட லொறியக் கழுவ வைக்கிறேன். ஒரு மூட்ட கோவாவுல வாந்தி எடுத்து வச்சிருக்கான், படுபாவி.”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எழுந்து வந்து குழாய்களைப் பார்த்தாள்.

“இதுல தம்பியோடது எது?”

டிலானி காட்டினாள். அம்மா அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“தண்ணி கணக்கா சுத்தமா இருக்கே! அந்த மஞ்ச நேத்து எடுத்ததா? வெசமெல்லாம் முறிஞ்சிருச்சா பாப்பா?”

டிலானி வாயைத் திறந்தாள். முறியவில்லை என்று சொன்னால், ஏன் என்று அம்மா கேட்பாள். நேரம் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். அது எங்கே போனது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். “நேரத்தோட கொண்டாந்துட்டோம், இல்ல?”

“ஆமாம்மா. கொண்டாந்துட்டீங்க.”

அம்மா இரண்டு கையாலும் அந்தக் குழாயை ஏந்திக்கொண்டாள். “நிஸாம் தம்பி, இங்க பாருங்க,” என்று அவனிடம் நடந்தாள். “அல்ஹம்துலில்லாஹ்” என்று நிஸாம் சத்தமாகச் சொன்னது நடைக்கூடம் முழுக்கக் கேட்டது.

பெஞ்சில் டிலானியின் குழாய் மட்டும் இருந்தது. அதற்குள் மஞ்சள் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது.