இறப்பு – இல்லை

"வார்டு ரிஜிஸ்டரைக் குடுங்க சார்" என்று கங்கம்மா கேட்டபோது, யதிராஜன் ரோஜா மாலையோடு அவளுடைய அப்பாவின் உடல்மேல் குனிந்திருந்தார். மாலையைப் போடாமல் அப்படியே நின்றார்.

சுகவாழ்வுச் சங்கத்தின் காசநோய் இல்லத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில், செயலாளர் என்ற முறையில் யதிராஜன் போட்ட ஒரே நிபந்தனை அந்த ரிஜிஸ்டரைப் பற்றியதுதான். ஆண்டறிக்கைக்கு வேண்டிய எண்ணிக்கைகளைத் துண்டுச்சீட்டில் தானே எழுதித் தருவதாகவும், அவற்றை நல்ல தமிழில் கோப்பது மட்டும் அவள் பொறுப்பு என்றும் சொன்னார். ரிஜிஸ்டரை மட்டும் ஒருநாளும் கேட்கக்கூடாது, அது நோயாளிகளின் அந்தரங்கம் என்றார். பி.ஏ. முடித்துப் புதிதாக வந்திருந்தவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருஷம் கேட்கவில்லை.

"இப்போ எதுக்கும்மா அது?"

"நைனா எத்தினி மணிக்கு செத்தாருன்னு பாக்கணும்."

அம்மா பூவம்மாள் பின்னாலிருந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யதிராஜன் மாலையைப் போட்டார், அது கோணலாக விழுந்ததைச் சரிசெய்தார், கும்பிட்டார். மனசு சரியில்லாத நேரம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அன்று காலை எட்டு மணிக்கே கங்கம்மா பொன்னேரியில் அச்சகத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுவிழா. 1974–75 அறிக்கையின் கடைசி புரூஃபைப் பார்த்துக் கொடுத்தால் சாயங்காலம் மிஷினில் ஏற்றிவிடுவார்கள். அவள் வருவதற்கு முன்பு அந்த அறிக்கை நன்றி நவிலலாகவே பன்னிரண்டு பக்கம் ஓடும், யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவள்தான் அதை எட்டுப் பக்கமாக்கினாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு நோயாளியின் கதை, அடுத்த பக்கத்தில் கேமராவை நேராகப் பார்க்கும் ஒரு முகம், அதற்கடுத்துப் பெரிய எழுத்தில் மூன்றே வரி. சிகிச்சையில் இருப்போர் 29. நலமடைந்து வீடு திரும்பியோர் 212. இறப்பு – இல்லை.

அந்த மூன்றாவது வரி துண்டுச்சீட்டில் இருந்ததல்ல. முதல் வருஷம் அவள்தான் கேட்டாள், சாவு ஒன்றுமே இல்லையா சார் என்று. இல்லை என்றார். அப்படியானால் அதைத் தடித்த எழுத்தில் போடலாமே என்றாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுப் போடு என்றார். அந்த வரியைப் படித்துவிட்டு மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள், எக்ஸ்ரே மிஷின் வந்தது. அப்பா சின்னராசுவின் நெஞ்சைப் படம் எடுத்ததே அந்த மிஷினில்தான். அதைப் பார்த்துத்தான் அவரையும் இல்லத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

புரூஃபின் அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது தெருக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து நின்றார். நைனாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், உடனே வா என்றார்.

அவள் வந்து சேரப் பன்னிரண்டு ஆகிவிட்டது. பதினோரு மணிக்குச் சங்கத்து வேன் வந்ததாம், கழுத்துவரை கம்பளி போர்த்தி இறக்கினார்களாம். வாசற்படி தாண்டியதும் கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார், அப்புறம்தான் உயிர் போனது என்று வருகிறவர்களிடமெல்லாம் பூவம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அந்தப் பார்வை நீண்டுகொண்டே போனது. நான்காவது முறை சொன்னபோது அவர் கங்கம்மாவின் பேரைக்கூடச் சொல்லியிருந்தார்.

அவர்கள் தெருவில் வெளியே செத்தவர்களை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. வாசலில் பந்தல் போட்டு அங்கேயே கிடத்தி அங்கிருந்தே தூக்கிவிடுவார்கள். சின்னராசுவை உள்ளே, ரோலிங் மில் சம்பளத்தில் அவர் போட்ட ஓட்டுக்கூரைக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள்.

கங்கம்மா அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால்கள் மடங்கியபடியே இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தியும் அவை இறங்கவில்லை. செத்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்றார்கள். பிறகு வலது மூக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு இழையைப் பார்த்தாள்.

"மூக்குல பஞ்சு யாரும்மா வெச்சது?"

"இன்னும் வெக்கல. இப்பத்தான் வாங்கியார ஆள் போயிக்குது."

அம்மா குனிந்து பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு நகத்தால் அந்த இழையை எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் கட்டைவிரலில் ஊதா மை காயாமல் இருந்தது. வேன் டிரைவர் ஒரு காகிதத்தில் ரேகை வாங்கிக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நோயாளியின் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்றுதான் அதில் இருக்கும். அந்தத் தாளைப் போன வருஷம் ஸ்டென்சில் வெட்டியதும் கங்கம்மாதான்.

யதிராஜன் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும், அவரோடு வந்த வார்டு ஆயா ஆரோக்கியமேரி நேராகப் பெண்கள் நடுவில் வந்து உட்கார்ந்து கங்கம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நெற்றியோடு நெற்றி முட்ட, உடம்பை ஆட்டி ஆட்டி அழுதாள். கங்கம்மா விறைப்பாக இருந்தாள்.

"அழு பாப்பா. அழுதுக்கினே கேளு, ஐயா பாக்குறாரு" என்று காதுக்குள் சொன்னாள் ஆரோக்கியமேரி. சத்தமாக ஒரு வரி இழுத்து அழுதுவிட்டு மறுபடி காதுக்கு வந்தாள். "காலைல அஞ்சு மணிக்கு. நான்தான் கண்ணை மூடுனேன்."

கங்கம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்ததும் ஆரோக்கியமேரி பிடியை விட்டுவிட்டு அடுத்தவள் கழுத்துக்கு நகர்ந்தாள்.

யதிராஜன் அவளை வேலி ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார், ஆனால் ஒளித்துப் பேசவில்லை.

"இல்லம் ஆரம்பிச்ச முதல் வருஷம் ஒன்பது பேர் போயிட்டா. அறிக்கைல போட்டோம். அடுத்த மாசமே பாதிக் கட்டில் காலி. அங்க போனா பொணமாத்தான் திரும்பணும்னு ஊரெல்லாம் பேச்சு. பயந்துண்டு வராம, வீட்லயே ரத்தம் கக்கிச் செத்தவா எத்தனை பேர், தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. தெரியாததுதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது.

"நைனா எந்த வரில இருக்காரு சார்?"

அவர் வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தார்.

"எரநூத்திப் பன்னெண்டா, எரநூத்திப் பதிமூணா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அறிக்கை அட்டையில் சின்னராசுவின் படத்தைப் போடலாம், கீழே அவளே இரண்டு வரி எழுதட்டும் என்றார். நிஜமாகவே அது நல்ல யோசனை என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. அவள் வேண்டாம் என்றாள்.

பூவம்மாள் அதற்குள் வந்துவிட்டாள். "ஐயாவ பேஜாரு பண்ணாதடி. அவரு உள்ள வந்துதான் செத்தாரு. நான் பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்னு சொல்றேன்ல." அம்மா குரல் இறங்கியது. "தூக்கி வெளிய போட சொல்றியா? ஆயுசுக்கும் வெயில்ல கெடந்த மனுசன்டி."

யதிராஜன் வேறு பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்பு வரை அவரோடு மட்டும்தான் சண்டை என்று கங்கம்மா நினைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு உடலைத் தூக்கினார்கள். யதிராஜனும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகாடு வரை நடந்தார். ஆண்கள் தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போனார்கள். கங்கம்மா குழாயடியில் நாலு குடம் தலையில் ஊற்றிக்கொண்டாள். அறிக்கையின் மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செத்தவர்களின் பேர்களைப் போட வேண்டும். அப்பா பேரைத்தான் முதலில். அவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் போட்டால் அதுவும் பொய். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அறிக்கை அவள் கைக்கு வந்தாலும் ஒன்றுமில்லை. காலையில் ரேகை வாங்கியவர்களுக்கு உதவியது இப்போது தனக்கும் உதவுகிறது என்று தோன்றியபோது அவளுக்குக் கூசியது. ஆனாலும் மனசு மாறவில்லை.

பூவம்மாள் ஈரத் துணியோடு வாசலில் நின்றாள். "தல தொவட்டாம எங்கடி கெளம்பிட்ட? சாவு ஊடுடி இது."

கங்கம்மா படி இறங்கினாள்.

சங்கத்து வேன் தெருமுனையில் நின்றிருந்தது. டிரைவர் பரசுராமன் காலையிலிருந்து அதைவிட்டு இறங்கவுமில்லை, வீட்டுப்பக்கம் வரவுமில்லை. அவளைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டான்.

"இந்த வருசம் இப்பிடி எத்தினி பேரண்ணா?"

அவன் இறங்கிக் கதவைச் சாத்தினான்.

"பதினாலு. உங்க நைனாவோட."

"பேருங்க தெரியுமா?"

"பேரு இன்னாத்துக்கு கேக்கப்போறேன் தங்கச்சி. ஊடு தெரியும். எல்லா ஊடும் தெரியும்."

வண்டி சங்கத்தினுடையது, அதில் ஏற்ற முடியாது என்றான். ஏறவில்லை என்றாள் அவள். முதலில் பொன்னேரிக்குப் போய் மிஷினில் ஏற்றாமல் நிறுத்தச் சொல்ல வேண்டும், அச்சிடலாம் என்று எழுதியவள் சொன்னால் நிறுத்துவார்கள், அப்புறம் அந்த வீடுகள் என்றாள். அவன் தெருவை ஒருமுறை பார்த்தான். சாவியை எடுத்து பானெட்மேல் வைத்தான்.

ரோலிங் மில் சங்கு ஊதி ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அவிழ்ந்த ஈரத்தலையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள், அவன் இரண்டடி பின்னால் வந்தான்.

"மொத ஊடு எது?"

"சோழவரம் தாண்டி, ஏரிக்கரை ஓரமா" என்றான் பரசுராமன். "ஒரு பொம்பள. கைக்கொழந்தக்காரி."