ஆற்றைக் கடக்க மூன்று வண்டி

அந்த ஆற்றுமணலைத் தனி வண்டியாகக் கடக்க முடியாது. இறங்கினால் பாதி வழியில் அச்சுவரை புதைந்துவிடும். முன்னால் ஒரு வண்டி நின்று இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று காவலுக்கு நிற்க வேண்டும். அதனால்தான் சீட்டுத் தைக்கிறவர் அந்தக் கோடையில் ஒவ்வொருவர் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

வண்டிகளுக்குச் சீட்டும் கித்தான் கூரையும் தைப்பது அவர் தொழில். தகரக் கொட்டகை ஒன்று, அதில் இரண்டு தையல் மிஷின், மூலையில் பஞ்சு மூட்டைகள். கொட்டகைக்குப் பின்னால் அவரும் தம்பியும் சேர்ந்து வாங்கிய பழைய ஃபோர்வீல் டிரக் நின்றது. ஏலத்தில் வெறும் இரும்பாக வந்ததை இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக்கொடுத்து ஓடவைத்திருந்தார்கள். தம்பி பஸ் டிரைவர். வாரம் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, லீவு நாளிலும் ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டால் கை அரிக்கிற ஆள்.

இதே மாதிரி பழைய வண்டி வைத்திருந்தவர்கள் இன்னும் மூன்று பேர்: பல் டாக்டர், அச்சகக்காரர், டீச்சர். டீச்சருடையது அவருடைய அப்பா விட்டுப்போன வண்டி. வருடத்துக்கு ஒருமுறை, ஆற்றில் தண்ணீர் வற்றியதும், எல்லாரும் கூட்டமாகக் கிளம்பி மணலைக் கடந்து, கல்லுச்சரிவில் ஊர்ந்து ஏறி, மேலே இருக்கும் மொட்டை மேட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவார்கள். முன் வண்டியை ஓட்டுவது எப்போதும் தம்பிதான். அதில் யாருக்கும் போட்டி கிடையாது.

கடைசியாகப் போன தடவை, மணலின் நடுவில் தம்பியின் இடது கால் கிளட்சிலிருந்து வழுக்கியது. செருப்பைக் குறை சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த மாதம் பஸ்ஸிலும் வழுக்கியது. பிறகு ஆஸ்பத்திரி, அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி. நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும், மருந்து கிடையாது, ஆனால் புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார் டாக்டர். கடைசி விஷயத்தை ஆறுதல் போலச் சொன்னார்.

இந்தக் கோடை தொடங்கியபோது தம்பிக்குக் கால்கள் போய்விட்டன, கைகள் போய்க்கொண்டிருந்தன, பேச்சு குழறியது. ஒருநாள் மாலை கட்டிலில் படுத்தபடி, ஜன்னலைப் பார்த்து, "ஆத்துல இப்ப தண்ணி வத்திருக்கும்ல?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே எல்லாருக்கும் சொல்லியனுப்பினார். கொட்டகையில் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து கூட்டம் நடந்தது. தம்பியை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறோம் என்றார். அச்சகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு, எல்லா வண்டிக்கும் கொடி அடித்துத் தருகிறேன் என்றார். கொடி என்ன நிறம் என்பதில் பேச்சு மாட்டிக்கொண்டது. அடுத்த கூட்டம் முழுக்க எல்லாரும் ஒரே மாதிரி பனியன் போடுவதா வேண்டாமா என்பதிலேயே போயிற்று. பல் டாக்டர் தன் வண்டிக்குப் புதுசாக பெயிண்ட் அடிப்பதாகவும், காயும்வரை பொறுக்கவேண்டும் என்றும் சொன்னார். நாள் மட்டும் குறிக்கப்படவில்லை. சாய்த்து உட்காரவைத்தால் ஐந்து நிமிடத்தில் தலை நெஞ்சில் தொங்கிவிடுகிற ஒருவனைக் கல்லுச்சரிவில் எப்படிக் கொண்டுபோவது என்று டீச்சர் ஒருத்தர்தான் கேட்டார்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார் சீட்டுத் தைக்கிறவர்.

அவர் தைத்த சீட்டைப்போல் ஒன்றை அதற்குமுன் அவரே தைத்ததில்லை. கழுத்துக்கு இரண்டு பக்கமும் அணை, தாடைக்கு மெத்தென்ற பட்டை, அக்குளுக்குக் கீழே தாங்கல், குலுங்கினால் எலும்பில் இடிக்காமலிருக்க அடியில் மூன்று விதப் பஞ்சு. தம்பியைக் கட்டிலில் வைத்தே அளவெடுத்தார். தோளில் டேப்பை வைத்தபோது தம்பி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி இருக்குண்ணா" என்றான். அண்ணன் சிரித்துவைத்தார். தம்பி மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சீட்டை முடித்துக் கொண்டுபோய் உட்காரவைத்துப் பார்த்தபோது பட்டைகள் தொளதொளவென்று தொங்கின. அளவு தப்பில்லை. இடைப்பட்ட நாட்களில் தம்பி அவ்வளவு கரைந்திருந்தான். திரும்ப எடுத்துவந்து பிரித்துத் தைத்தார். இரண்டாவது தடவையும் அதே கதைதான். மூன்றாவது தடவை, இனிமேல் இழுத்துக் கட்டிக்கொள்கிற மாதிரி பக்கிள் வைத்துவிட்டார்.

கூட்டத்துக்கு ஆட்கள் குறைந்தார்கள். அச்சகக்காரருக்கு மகளின் பிரசவம் நெருங்கிவிட்டது, கொடியைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பல் டாக்டருக்கு முதுகுவலி. தன்னால் வரமுடியாது, வண்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், சேறு மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆற்றில் இறங்கப்போகிற வண்டிக்கு இது நல்ல நிபந்தனை என்று டீச்சர் சொன்னபோதுகூட அவர் வருத்தப்படவில்லை.

இத்தனையையும் சீட்டுத் தைக்கிறவர் ஒவ்வொரு மாலையும் தம்பியிடம் போய் ஒன்று விடாமல் சொல்வார். பனியன் சண்டையை இரண்டு பேர் குரலிலும் நடித்துக்காட்டுவார். தம்பி கண்ணால் சிரிப்பான். எந்த வழி, எங்கே நிறுத்துவது, கயிறு யார் வண்டியில் என்று அண்ணன் கேட்கக் கேட்கத் தலையை அசைப்பான். தலை அசைவது நின்றபிறகு இமையை அசைத்தான். ஒருமுறை மூடினால் சரி, இரண்டுமுறை மூடினால் வேண்டாம். பேச்சு வராத நேரங்களுக்கு அவன் மனைவி ஏற்படுத்தின வழக்கம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டுத் தைக்கிறவரும் டீச்சரும் ஆளுக்கொரு வண்டியில் வழி பார்க்கக் கிளம்பினார்கள். ஆற்றங்கரைக்கு வந்ததும் டீச்சர் முதலில் வண்டியை நிறுத்தினார். மணல் இல்லை. தோண்டி எடுத்துப்போன பள்ளங்கள் கரைக்குக் கரை கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஆள் முழுகுகிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர். நூறு வண்டி சேர்ந்து வந்தாலும் அதில் இறங்கமுடியாது. கொஞ்சம் தள்ளிப் புதுப் பாலம் ஒன்று நின்றது. அங்கே டயர் மாற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர், பாலம் திறந்து இரண்டு மாதமாகிறது, தார் ரோடு மேடுவரை போகிறது, தைரியமாகப் போங்கள் என்று வழி சொன்னார்.

போனார்கள். முன்பெல்லாம் அரைநாள் தின்ற சரிவை, என்ஜின் சூடாகிற நேரத்துக்குள் ஏறிவிட்டார்கள். மேலே வெள்ளைக்கோடு போட்ட பார்க்கிங். சின்னச் சின்னக் கார்கள், குழந்தைகள், படமெடுத்துக்கொள்கிறவர்கள். காக்கிச்சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்து, வண்டியிலிருந்து ஆயில் சொட்டுகிறது, தரை பாழாகிறது, ஓரமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஓரமாகப் போட்டார்கள்.

சீட்டுத் தைக்கிறவர் பார்க்கிங்கை ஒரு சுற்று நடந்து பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. நல்லதாகப் போயிற்று, இனி மற்றவர்கள் வந்தாலென்ன வராவிட்டாலென்ன, ஒரு ஆம்புலன்ஸ் வேனில் படுக்கவைத்தே கொண்டுவந்துவிடலாமே என்றார்.

டீச்சர் தன் வண்டியின் பம்பரில் உட்கார்ந்திருந்தார். "தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"அவன் ஆசைப்பட்டதுதானே."

"இல்ல, வர்றியான்னு கேட்டீங்களா?"

அவர் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். அன்றைக்கு அதை அவிழ்க்கவே இல்லை என்பது சுற்றும்போதுதான் தெரிந்தது.

திரும்பி நேராகத் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேன் விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னார். அவள் பிழிந்த துணியை உதறக்கூட இல்லை.

"மாமா, அவரைத் திருப்பிப் படுக்கவைக்கவே ரெண்டு பேர் வேணும். ராத்திரி மூணு தடவை மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கே பயந்துக்கிட்டு இருக்கோம். இந்தப் பயணம் யாருக்கு மாமா?"

அவளிடம் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. களைத்துப்போயிருந்தாள். அவர் உள்ளே போனார்.

தம்பி விழித்திருந்தான். முதலில் அவன்தான் கேட்டான், மணல் எப்படி என்று. மறைக்க மனம் வரவில்லை. பள்ளத்தையும் பாலத்தையும் சொன்னார். தம்பி கொஞ்சம் பொறுத்து, "சரிவு... எந்த கியர்?" என்றான்.

"டாப்புலயே ஏறிடுச்சுடா."

அந்தச் சரிவை முதல் கியரில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவன் அவன். சிரித்துவிட்டான். உடம்பு ஒத்துழைக்கிற காலத்தில் சிரிக்கிற மாதிரியே சிரிக்கப்பார்த்தான். எச்சில் மூச்சில் ஏறிவிட்டது. முகம் நீலம் பாய்ந்தது. மனைவி ஓடிவந்து, ஒருபக்கமாகப் புரட்டி, சளி உறிஞ்சுகிற மெஷின் குழாயை வாயில் விட்டு எச்சிலை எடுத்தாள். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். அவ்வளவு நேரமும் அவர் கையில் வண்டிச்சாவி இருந்தது. அதை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

மூச்சு திரும்பியபிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வேனில் போகலாமா என்று, டீச்சர் கேட்கச்சொன்னபடியே, கேட்டார்.

"போகணும்னு நான் சொல்லலண்ணா" என்றான் தம்பி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "தண்ணி வத்திருக்குமான்னுதான் கேட்டேன்."

"அப்புறம் ஏன்டா இத்தனை நாள் சரி சரின்னே?"

"நீ வந்து உக்காந்து பேசினே."

அது உண்மைதான். தம்பி படுக்கையில் விழுந்த புதிதில் அண்ணன் வாசற்படியோடு நின்று, சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே வந்தால் எதைப் பார்ப்பது, என்ன பேசுவது என்று புரியாது. பயணப் பேச்சு வந்தபிறகுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பேச்சும் அன்றோடு முடிந்தது. மறுநாள் வந்து உட்கார்ந்தபோது சொல்ல எதுவுமில்லை. கொடி இல்லை, பனியன் இல்லை, வழி இல்லை. சீட்டை என்ன செய்யலாம் என்று கேட்கத் தோன்றிக் கேட்காமல் விட்டார். தம்பி ஜன்னலைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மின்விசிறி மட்டும் சுற்றியது. எழுந்து போய்விடலாமா என்று பலமுறை நினைத்து, வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

மழை பிடிப்பதற்குள் தம்பிக்குத் தொண்டையில் துளைபோட்டு மூச்சு மெஷின் மாட்டினார்கள். இருந்த கொஞ்சப் பேச்சும் போயிற்று. ஆனது ஆகட்டும் என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாலை அண்ணன் பக்கத்தில் இருந்தபோது பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். வண்டிக்குப் பெயிண்ட் பிரமாதமாக வந்திருக்கிறது, முதுகும் தேவலை, நாள் குறித்தாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும், பரவாயில்லை, அடுத்த வருஷம் எல்லாருமாகப் போய்விடலாம் என்று தேற்றினார். சரி என்று சொல்லி அண்ணன் போனை வைத்தார்.

யார் என்று தம்பியின் கண் கேட்டது.

"பல் டாக்டர்டா. அடுத்த வருஷம் போலாம்ங்கிறாரு."

தம்பி இமையை மூடித் திறந்தான். பிறகு, நிதானமாக, இன்னொருமுறை மூடித் திறந்தான்.

அண்ணன் தலையாட்டினார். மெஷின் மூச்சிழுத்து மூச்சுவிட்டது. கொஞ்சநேரம் கழித்து, இன்றைக்குக் கொட்டகைக்கு ஒரு பஸ் சீட்டு வந்தது, ஸ்பிரிங் எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது என்று ஆரம்பித்தார். எந்த ரூட்டு பஸ் என்று சொன்னார். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.