சாட்சி நேரம்

சமாதானம் என்ற வார்த்தையை யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். என் புருஷனை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அதை எனக்கு மருந்து மாதிரி வேளாவேளைக்குப் புகட்டினார்கள். "மனச சமாதானம் பண்ணிக்கோங்க" என்றால் அழாதே என்று அர்த்தம். "சமாதானமாப் போயிடுங்க" என்றால் வாயை மூடு என்று அர்த்தம். எனக்குத் தமிழ் தெரியாதா என்ன?

நானும் அவரும் ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தோம். அவர் வெட்டும் மெஷினில், நான் அடுத்த கூடத்தில், பெட்டிக்குப் பசை ஒட்டும் பிரிவில். "ஊருக்கெல்லாம் பசை ஒட்டுறே, உன் வாய்க்கு ஒட்ட ஒருத்தனும் இல்லையே" என்று என்னைக் கிண்டல் செய்வார். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் சிரித்துக்கொண்டே இருப்பார். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

அந்த மெஷினுக்கு வாய் மாதிரி இரண்டு இரும்புப் பலகை. அட்டையை உள்ளே வைத்தால் மூடி வெட்டும். வாய்க்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டு இருக்க வேண்டும், அதை மூடினால்தான் மெஷின் ஓடும். ஒவ்வொரு அட்டைக்கும் திறந்து மூடினால் வேலை தாமதம் என்று முதலாளி கூண்டையே கழற்றச் சொல்லிவிட்டார். கூண்டு மூடியிருக்கிறது என்று மெஷினை ஏமாற்ற, சுவிட்சுக்குள் ஒரு கம்பித் துண்டைச் சொருகுவார்கள். மெஷின் ஏமாந்தது. ஒரு நாள் சட்டைக் கை மாட்டி, என் புருஷனையும் உள்ளே இழுத்தது.

அதற்கு முதலாளி சொன்ன காரணம், அவர் குடித்துவிட்டு வந்திருந்தார் என்பது. ஐயோ, இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மனுஷனய்யா அவர்! அடக்கத்துக்கு வந்தவர்கள் வெளியே போவதற்குள் அந்தக் கதை தெருமுனை வரை போய்விட்டது.

கதையோடு போயிருந்தால்கூட ஒருவேளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். மெஷினைக் கழுவித் துடைத்து, அதே இடத்தில் என் கொழுந்தனை நிறுத்தினார்கள். அண்ணனுக்கு நேர் எதிர், பயந்த சுபாவம். யாராவது உரக்கத் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற வாயில்லாப்பூச்சி. அவன் மனைவி மாசமாக இருந்தாள். வேலையை விடவும் வழியில்லை, மெஷினில் நிற்கவும் தைரியமில்லை.

நான் பசைப் பிரிவில் நின்றுகொண்டு, வாசல் பக்கம் போய்ப் போய் அவன் முழுசாக இருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பெட்டியின் வாயையும் அடியையும் சேர்த்து ஒட்டித் திட்டு வாங்கினேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை. டாக்டர் டென்ஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்குத் தூக்கம் வந்தது, மெஷினுக்குக் கூண்டு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் சபைப் போதகரும் முதலாளியும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். முதலாளியும் எங்கள் சபைதான். ஆலயத்தில் பாதி மின்விசிறிகளில் அவர் பெயர்தான் சுற்றிக்கொண்டிருக்கும். போதகர் நல்லவர், ஆனால் யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காக எல்லோரையும் நோகடிக்கிற நல்லவர். எதைச் சொன்னாலும் 'கர்த்தருக்குள்ள' என்றுதான் ஆரம்பிப்பார். டீ கொடுத்தால், "கர்த்தருக்குள்ள சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்பார்.

"கர்த்தருக்குள்ள ஒரு விஷயம்மா," என்று ஆரம்பித்தார். "நாளைக்கு ஆராதனையில சாட்சி நேரம் இருக்குல்ல. நீங்க எழுந்து, ஆண்டவர் எனக்குச் சமாதானம் கொடுத்திருக்காரு, யார் மேலயும் மனத்தாங்கல் இல்லன்னு ரெண்டு வார்த்தை சொன்னா சபைக்கே ஆறுதலா இருக்கும்."

"நாளைக்கே சபைக்கு ஆறுதல் வேணுமா ஐயா? என்ன அவசரம்?"

போதகர் டீயைப் பார்த்தார். முதலாளி தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை அரசாங்கத்துலேர்ந்து ஆய்வாளர் வர்றாரு. விசாரிப்பாரு. குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லன்னு சபையே சொன்னா விஷயம் சுமுகமா முடிஞ்சுடும்."

"கூண்டு மாட்டுவீங்களா?"

"பார்க்கலாம்மா. பெரிய ஆர்டர் கையில இருக்கு. அது முடியட்டும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உன் கொழுந்தன் ஜாக்கிரதையா நிக்கட்டும். மெஷின்கிட்ட நிக்க இஷ்டமில்லன்னா கேட்டுக்கு வெளியே நிக்கட்டும்."

கொழுந்தன் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனார்கள். நல்ல நீளமான ஜெபம். நான் கண்ணை மூடவே இல்லை.

அவர்கள் தலை மறைந்ததும் அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, சொல்லிடுங்க. ரெண்டு வார்த்தைதானே? அவளும் இப்படி இருக்கா. இந்த நேரத்துல வேலை போனா நான் எங்க போவேன்?"

"உங்க அண்ணனும் ஜாக்கிரதையாத்தான் நின்னாரு தம்பி."

"தெரியும் அண்ணி." அவன் வாசல் கதவைச் சாத்தினான். "தினமும் காலையில அந்தக் கம்பியை நான்தான் சொருகறேன். ஒவ்வொரு நாளும் கை நடுங்குது."

பேசினால் இவன் வேலை போகும், பேசாவிட்டால் இவனே போவான். "சரி, நாளைக்கு எழுந்து நின்னு சொல்றேன்" என்றேன். என்ன சொல்வேன் என்று அவனும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அது. ஆலயத்தில் என் பக்கத்தில் கொழுந்தனும் அவன் மனைவியும். முன் பெஞ்சில் முதலாளி, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல். பாட்டு முடிந்தது, வேத வாசிப்பு வந்தது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த பிறகு, அவருடைய சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பகுதி. உயிர்த்தெழுந்தவர் பூட்டின கதவுக்குள் வந்து நின்று, அவர்களுக்குச் சமாதானம் சொல்கிறார்.

வந்துவிட்டதா, இங்கேயுமா என்று எனக்குக் கோபம் பொங்கியது. ஆண்டவரே, நீரும் முதலாளி கட்சிதானா? நீரும் என்னை வாயை மூடச் சொல்லத்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்தீரா? ஆலயத்தில் உட்கார்ந்து நான் அவரோடு சண்டை போட்டேன், மனதுக்குள்தான், ஆனால் பல் நறநறத்தது பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்டிருக்கும்.

போதகர் அடுத்த வரியை வாசித்தார். சமாதானம் சொன்ன கையோடு ஆண்டவர் தம் கையையும் விலாவையும் காட்டினார்.

சின்ன வயசிலிருந்து கேட்ட பகுதிதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் என் புருஷன்மேல் இருந்த துணியை விலக்கியபோது நான் பார்த்ததும் ஒரு கையும் விலாவும்தான்.

மரணத்தையே உதறிவிட்டு எழுந்தவருக்கு ஒரு காயத்தை ஆற்றிக்கொள்ளத் தெரியாதா? தெரியும். வேண்டும் என்றே ஆற்றாமல் வந்தார். அவரைக் கொன்றவர்கள் கல்லறைக்கு முத்திரை போட்டார்கள், காவல் வைத்தார்கள், அதுவும் பலிக்காமல் போனதும் சீஷர்களே உடலைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள், என் வீட்டுக்காரருக்குக் கட்டின மாதிரியே. ஆண்டவர் எதையும் பூசி மெழுகவில்லை. 'போனது போகட்டும், விடுங்கப்பா' என்று சொல்லவில்லை. 'இதோ பார், இங்கேதான் ஆணி அடித்தார்கள், இங்கேதான் குத்தினார்கள், ஆனாலும் நான் உயிரோடு இருக்கிறேன், இனி எதற்குப் பயம்?' அவர் சொன்ன சமாதானம் அது. இவர்கள் எனக்கு விற்க வந்தது வேறு சரக்கு.

என் நெஞ்சு அடங்கியது. கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி அப்படியே இறங்கியது. படபடப்பு இல்லை. கூண்டு இன்னும் வரவில்லை, என் புருஷன் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தார், திங்கட்கிழமையும் வரத்தான் போகிறது. ஆனாலும் எனக்குப் பயமில்லை. நானே திகைத்துப்போனேன்.

சாட்சி நேரம் வந்தது. போதகர் என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்தேன்.

"ஸ்தோத்திரம். நேத்து ஐயாவும் முதலாளியும் என் வீட்டுக்கு வந்தாங்க. ஆண்டவர் எனக்குச் சமாதானம் கொடுத்திருக்காருன்னு இங்க சொல்லச் சொன்னாங்க. நேத்து சொல்லியிருந்தா அது பொய். இப்ப நெஜம், கொடுத்திருக்காரு. அதனாலதான் தைரியமாப் பேசறேன்."

முதலாளி திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உயிர்த்தெழுந்தவரு காயத்தை மறைக்கல. நானும் மறைக்க மாட்டேன். என் வீட்டுக்காரரு குடிக்கல. மெஷினுக்குக் கூண்டு இல்ல. கழட்டச் சொன்னது முதலாளி. இங்க உக்கார்ந்திருக்கிற பாதிப் பேரு அங்கதான் வேலை பார்க்கறீங்க, உங்களுக்கும் தெரியும். இன்னைக்கும் அது கூண்டு இல்லாமத்தான் ஓடுது, அது முன்னாடி என் கொழுந்தன் நிக்கறான். நாளைக்கு ஆய்வாளர்கிட்டயும் இதையேதான் சொல்லப்போறேன்."

போதகர் பதறிப்போனார். "அம்மா, கர்த்தருக்குள்ள இது சாட்சி நேரம்..."

"சாட்சிதான் ஐயா சொல்றேன். இதுக்கு வேற என்ன பேரு?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்கள். முதலாளி எழுந்துவிட்டார். "இது தேவனுடைய வீடு! இங்க பேசற பேச்சா இது?"

"முதலாளி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உயிர்த்தெழுதல் உண்டுன்னு நம்பறீங்கல்ல? போன ஞாயித்துக்கிழமை எல்லாரையும்விட சத்தமா அல்லேலூயா சொன்னீங்களே. அப்போ என் வீட்டுக்காரரும் எந்திரிப்பாருல்ல? அந்தக் கையோட, அந்த விலாவோட வந்து உங்க முன்னாடி நிப்பாரு. நான் எப்ப குடிச்சேன் முதலாளின்னு கேப்பாரு. அதை நம்பிக்கிட்டு உங்களால எப்படிப் பயமில்லாம இருக்க முடியுது?"

முதலாளி உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

போதகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆராதனை முறைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்டிக் குதித்தார். "ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுவோம்" என்றார். வழக்கமாக அந்த நேரத்தில் எல்லோரும் திரும்பித் திரும்பிக் கை கூப்புவார்கள். அன்றைக்கு ஒருவரும் அசையவில்லை.

முதலாளி விவரமானவர். அதற்குள் தேறிக்கொண்டார். எழுந்து, சபை முழுக்கப் பார்க்க என் பெஞ்சுக்கு நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பு. கையைக் கூப்பி, "சமாதானம்மா" என்றார்.

என் கை என் மடியிலேயே இருந்தது.

"கூண்டு மாட்டின அன்னைக்கு நானே உங்க வீட்டு வாசலுக்கு வந்து சொல்றேன் முதலாளி. இன்னைக்குச் சொன்னா அது சமாதானம் இல்ல, சமாளிப்பு."

கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்போது என் பக்கத்தில் ஒரு குரல். இவ்வளவு கிட்டத்தில் கேட்டும் யாருடையது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"முதலாளி, நாளைக்கு நான் அந்தக் கம்பியைச் சொருக மாட்டேன்."

கொழுந்தன். எழுந்து நின்றிருந்தான். எங்களுக்கு முன்னால் இருந்த பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"அப்போ வேலைக்கு வராதே," என்றார் முதலாளி, சிரிப்பை விட்டுவிட்டு.

"வருவேன். மெஷின் பக்கத்துலயே நிப்பேன். ஆய்வாளர் வந்தா கம்பியை அவரு கையில கொடுத்து, இதுதான் எங்க அண்ணனைக் கொன்னுதுன்னு சொல்லுவேன்."

முதலாளி நேராக வாசலுக்கு நடந்தார். அவர் கொடுத்த மின்விசிறிகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. பசைப் பிரிவில் என்னோடு நிற்கிற இரண்டு பெண்கள் எழுந்து வந்து எங்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

கொழுந்தன் தொப்பென்று உட்கார்ந்தான். வீரம் தீர்ந்து பயம் திரும்பிவிட்டது, பாவம். "அண்ணி," என்று கிசுகிசுத்தான், "நெஜமாவே வேலை போயிட்டா?"

"போகட்டும். உன் பிள்ளை பிறந்ததும் அதைத் தூக்க உனக்கு ரெண்டு கை வேணும்ல?"

அவன் கைகளை மடியில் விரித்துப் பார்த்தான். அவன் மனைவி அதில் ஒன்றைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அவன் ஆலயம் என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. அடக்கத்துக்குப் பிறகு முதன்முதலாக வயிறு கபகபவென்று பசித்தது. உயிர்த்தெழுந்தவரும் காயத்தைக் காட்டி முடித்ததும், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்றுதானே கேட்டார்.

"அழுதது போதும், கண்ணைத் துடை," என்றேன். "வீட்டுல சாப்பிட என்ன இருக்கு தம்பி?"