எக்ஸ்ரே அறையில் பார்த்த ஆள்

வீட்டில் அவளுக்குக் 'கேமரா' என்றுதான் பெயர். ஒருமுறை பார்த்த முகத்தை அவள் மறந்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் அண்ணன் ஒரு பழைய பள்ளிக்கூடப் படத்தை நீட்டி, "இதுல இவர் யாருன்னு சொல்லு" என்பான். வந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரை டிரவுசர் போட்ட ஒரு பொடியன்மேல் விரல் வைப்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். அண்ணன்தான் பலமாகத் தட்டுவான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அங்கே வந்து போன முகங்களும் அவளைவிட்டுப் போகவில்லை.

அன்று மதியம் அண்ணன் தன்னோடு வேலை பார்க்கும் நண்பனைச் சாப்பிட அழைத்து வந்தான். கேமராவின் தங்கச்சிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. மழமழவென்று சவரம் செய்த முகம், மெல்லிய கண்ணாடி, அதிராத பேச்சு. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

தண்ணீர் வாங்க அவன் திரும்பியபோது கேமரா பார்த்தாள். தலையோடு ஒட்டிய காது. வலது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு வெட்டு. ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றைக்குத் தாடி இருந்தது, உடம்பும் பருத்திருந்தது. எக்ஸ்ரே அறை வாசலில், கை முறிந்து உட்கார்ந்திருந்த மனைவியின் காதருகே குனிந்து, "படியில விழுந்தேன்னு சொல்லு. இல்ல, அடுத்த கையும் போயிடும்" என்றவன். கேமரா டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அந்தப் பெண்ணோ படியில் விழுந்ததாகவே சாதித்துவிட்டாள்.

அண்ணனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அண்ணா, இவன் கல்யாணம் ஆனவன். பொண்டாட்டி கையை ஒடிச்சவன். கண்ணால பாத்தேன்."

"வேற யாரையாவது பாத்திருப்ப."

"நான் ஆள் மாத்திச் சொல்லி என்னிக்காவது கேட்டிருக்கியா?"

அண்ணன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். "தெரியும்டி. விவாகரத்து ஆயிடுச்சு. அவ ஒரு மாதிரியாம். கிளறாம சும்மா இரு."

தெரியுமாம்! அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனாள்.

"உங்க சம்சாரத்துக்குக் கை சேந்துடுச்சா?"

அவன் வாய்க்குக் கொண்டுபோன கவளம் நின்றது. "எந்த... யாரைக் கேக்கறீங்க?"

"எக்ஸ்ரே எடுத்தது நான்தான். புடிச்சு முறுக்கினா எப்படி ஒடியுமோ, அப்படி ஒடிஞ்சிருந்துச்சு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். "என்ன மச்சான், வீட்டுல எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னு சொன்னியே?"

தங்கச்சி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "யார்கிட்ட பேசி முடிச்ச? என்கிட்டயா?"

மாப்பிள்ளை கைகூடக் கழுவாமல் செருப்பைத் தேடினான். அவன் தலை மறைந்ததும் அம்மா கேமராமேல் பாய்ந்தாள்.

"வீட்டுக்கு வந்த மனுஷனை இப்படியா அவமானப்படுத்துவ? தனியா சொல்லக்கூடாது?"

"தனியாத்தான் சொன்னேன். உன் பையனைக் கேளு!" அவள் குரல் தெருவரை போனது. போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. "கைதட்ட மட்டும் என் கண்ணு வேணும், இல்ல?"

அண்ணன் ஒன்றும் நடக்காதது போலத் தன் தட்டை இழுத்து உட்காரப் போனான். தங்கச்சி அந்தத் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீயும் எந்திரி," என்றாள்.