பேருந்தின் முதுகில் ஒரு முகம்

எஸ்னெடா சண்டைக்காரி இல்லை. ஆனால் மெடெயின் நகரத்தில் அவள் ஓட்டும் நீளப் பேருந்தில் ஏறுகிறவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியதிலிருந்து அவளுடைய வாயின் இரண்டு ஓரமும் கீழே இறங்கத் தொடங்கியிருந்தன. கன்னம் சரிந்து தாடையோரம் தளர்ந்து கிடந்தது. இப்போது ஐம்பத்திரண்டு வயது. சும்மா சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட, யாரையோ திட்டி முடித்துவிட்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருப்பவள் போலத்தான் இருப்பாள்.

"என்ன தோன்யா எஸ்னெடா, விடியறதுக்குள்ளயே யார் மேல கோவம்?" என்று பணிமனையில் வில்மார் கேட்பான். அந்த ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் தோன்யா. அவனும் ஓட்டுநர்தான், அவளைவிட நான்கு வயது மூத்தவன். அவன் கன்னமும் தொங்கியது. அவனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"கோவம் இல்லப்பா. மூஞ்சியே அப்படித்தான்."

"அப்ப உன் புருஷன் ஓடினதுல தப்பே இல்ல."

எல்லோரும் சிரிப்பார்கள். எஸ்னெடாவும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய்ப் பல் துலக்கும்போதுதான் அது சுருக்கென்று குத்தும்.

தங்கை நொயெமி மன்ரீக்கே மேட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவையாவது நெற்றிச் சுருக்கம் மறைய ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அவள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"கத்தி கிடையாது, தையல் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வந்துடலாம் அக்கா. எந்நேரமும் கண்ணாடியப் பார்த்துப் புலம்புறியே, அதுக்கு இது மேல்."

"நான் எங்கடி புலம்புறேன்?"

"நேத்து என் கடையில உக்காந்து ரெண்டு கையாலயும் கன்னத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாரு, கன்னி மரியாளா?"



எல் பொப்லாதோ பகுதியில் வங்கிகளுக்கும் செருப்புக்கடைகளுக்கும் நடுவே இருந்தது அந்த அழகு மருத்துவமனை. டாக்டர் மொன்சால்வேக்கு நாற்பது வயதிருக்கலாம். உரித்த முட்டை மாதிரி முகம். அவர் எஸ்னெடாவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, பின்னால் நின்று, இரண்டு விரலால் அவள் கன்னங்களை லேசாகக் காதுப் பக்கம் ஏற்றிப் பிடித்தார். கண்ணாடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தி வந்து நின்றாள். பல வருடங்களாகப் பார்க்காதவள். அந்தக் கணத்திலேயே அவள் சம்மதித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு.

"ஊசி நெத்திச் சுருக்கத்துக்கு நல்லது. ஆனா தொங்குறதைத் தூக்காது. குழிஞ்ச இடத்தை நிரப்புற மருந்து இருக்கு, கொஞ்சம் கூடிப்போனா முகம் ஊதிப்போகும். ஒலி அலையால தோலுக்கு அடியில சூடு குடுக்கலாம், அது ரொம்ப மெதுவா வேலை செய்யும். உங்களுக்கு நூல்தான் சரி. தோலுக்கு அடியில நூல விட்டு மேல இழுத்துப் பிடிப்போம். அதுல சின்னச் சின்னக் கொக்கி இருக்கும். அப்புறம் நூல் தானாவே கரைஞ்சிடும்."

"எவ்வளவு நாள் நிக்கும் டாக்டர்?"

"ரெண்டு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்."

முதலில் படம் எடுத்தார்கள். உதவிப்பெண் ஒரு கறுப்புப் பட்டையால் அவள் முடியை முழுக்கப் பின்னால் இழுத்துக் கட்டினாள். உதட்டுச் சாயத்தைத் துடைத்தெடுத்தாள். மேலே ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. "மோவாயைக் கீழ இறக்குங்க. சிரிக்காதீங்க. இன்னும் கொஞ்சம் இறக்குங்க."

"இது எதுக்கும்மா?"

"உங்க மருத்துவக் குறிப்புக்குத்தான்," என்று சொல்லி ஒரு தொடுதிரையை நீட்டினாள். எஸ்னெடா விரலால் கையெழுத்துப் போட்டாள்.

மரத்துப்போக மருந்து போட்டிருந்ததால் வலி பெரிதாக இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. நெற்றிப்பொட்டில் நுழைந்த கம்பி கன்னத்துக்குள் இறங்கும்போது, காய்ந்த சருகை மிதிப்பது போலக் காதுக்குள் நொறுநொறுவென்றது. அவள் கையை இறுக மூடிக்கொண்டு, தன் வழித்தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

வீட்டில் மல்லாந்தே படுத்தாள். கொட்டாவி வந்தால் வாயைக் கையால் அழுத்திப் பிடித்தாள். அரெப்பா என்ற சோள ரொட்டியைக் கடிக்க முடியாமல், பாலில் ஊறவைத்துக் கரண்டியால் தின்றாள். வீங்கியிருந்தவரை முகம் பிரமாதமாக இருந்தது. வீக்கம் வடிந்தபோது இடது கன்னத்தில் ஒரு குழி தெரிந்தது, யாரோ உள்ளேயிருந்து விரலால் பிடித்து இழுப்பது போல. மூன்றாம் மாதம் வலது பக்கம் இறங்கியது. பிறகு இடதும் இறங்கியது. குழி மட்டும் இறங்கவில்லை.

டாக்டர் திரும்பவும் படம் எடுத்துத் திரையில் பார்த்தார்.

"உங்க தோல் கனமான தோல். நூல் என்ன செய்யும்? இன்னொரு தடவை போட்டு, கூடவே நிரப்புற மருந்தும் வச்சாத்தான் எடுபடும்."

"முன்னாடி இதைச் சொல்லலையே டாக்டர்."

"ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி, தோன்யா."

தன் தோலே தனக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் எஸ்னெடா வெளியே வந்தாள். அந்த வருத்தத்தோடேயே அவளை விட்டிருந்தால் அவள் எதுவும் செய்திருக்க மாட்டாள்.

மழை பெய்த ஒரு மத்தியானம் நடுநகரத்துச் சிக்னலில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவளுக்கு முன்னால் இன்னொரு பேருந்து நின்றது. அதன் முதுகு முழுவதும் புது விளம்பரம். துடைப்பான் மழைத்தண்ணீரை வழித்தெடுத்தபோது, ஆளுயரத்துக்கு ஒரு முகம் அவளைப் பார்த்தது. இழுத்துக் கட்டிய முடி, தொங்கும் கன்னம், வெளுத்த உதடு. கீழே "முன்பு" என்று எழுதியிருந்தது. மேலே பெரிய எழுத்தில்: "இந்த முகத்தோடு இன்னும் எத்தனை வருடம்?"

அது அவள் முகம்.

பக்கத்தில் "பின்பு" என்று இன்னொரு முகம் இருந்தது. ஒளியில் குளித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, முப்பத்தைந்து வயதுகூட ஆகாத யாரோ ஒருத்தி. கண் நிறம் வேறு, மூக்கு வேறு. பின்பு என்று காட்டுவதற்குக்கூட எஸ்னெடா தேறவில்லை. முன்பு என்று காட்ட மட்டும் போதுமானவளாக இருந்திருக்கிறாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

பணிமனையில் வில்மார் காத்துக்கொண்டிருந்தான். "ஊரே உன் பின்னாலதான் வருது, தோன்யா. நடிகை ஆயிட்ட. கையெழுத்துப் போட்டுக் குடு."

எஸ்னெடா அவன் எதிரே போய் நின்றாள். "இன்னொரு தடவை சிரிச்சுப் பாரு," என்றாள். சத்தமே போடவில்லை. வில்மார் தன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

மறுநாள் வேலை முடிந்து சீருடையோடேயே மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் நிதானமாகவே பேசினார்.

"படத்துக்குச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே."

"மருத்துவக் குறிப்புக்குன்னு சொன்னாங்க."

"விளம்பரத்துக்கும்னு அதுல எழுதியிருக்கு. படிச்சிருக்கலாமே. ஆமா, எதுக்கு இவ்வளவு வருத்தம்? அந்தப் படத்துல உங்க பேரு இருக்கா? முன்புங்கிறது ஒரு ஆளே இல்ல தோன்யா, அது ஒரு நிலைமை. நீங்களா போய்ச் சொன்னாத்தான் அது நீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நிரப்புற மருந்தை இலவசமாவே போட்டு விடுறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

எஸ்னெடாவுக்குக் காது சுட்டது. இத்தனை வருடம் இல்லாத கோபத்தை அவள் முகத்தில் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது நிஜமாகவே கோபம் வந்து நிற்கிறது, இந்த மனிதர் மட்டும் அதைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"நானா போய்ச் சொல்லணும். அவ்வளவுதானே," என்று எழுந்தாள்.

அந்த மருத்துவமனை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பெண்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தும். காபியும் கொய்யாப்பழ இனிப்பு வைத்த ரொட்டியும் கொடுத்து, டாக்டர் பேசுவார். பழைய வாடிக்கையாளர் என்பதால் நொயெமிக்கு அழைப்பு வந்திருந்தது. அக்காளும் தங்கையுமாகப் போனார்கள்.

"என்ன செய்யப் போற அக்கா?"

"தெரியல. நீ பக்கத்துல இரு, போதும்."

கூடம் நிறைந்திருந்தது. ஆசிரியைகள், கடைக்காரிகள், அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்கள். பெரும்பாலும் எஸ்னெடாவின் வயதை ஒட்டியவர்கள். டாக்டர் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். திரையில் படங்கள் மாறிக்கொண்டே வந்தன. "இதோ பாருங்க, நூலால என்ன செய்ய முடியும்னு," என்றார். பேருந்தின் முதுகில் இருந்த அதே இரண்டு முகங்களும் திரையில் வந்தன. முன்வரிசையில் ஒருத்தி "அடக் கடவுளே, பாவம்" என்று முணுமுணுத்தாள்.

எஸ்னெடா எழுந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பட்டையை எடுத்து முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, நடந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். மோவாயைக் கீழே இறக்கினாள். கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நான்தான் அந்தப் பாவம்," என்றாள். "இது முன்பு. நூல் போட்டு ஏழு மாசம் ஆச்சு. இந்தா நிக்கிறேனே, இதுதான் பின்பு. அந்தப் பக்கம் சிரிக்கிற பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும், கேளுங்க."

"இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, தயவுசெஞ்சு—" என்று டாக்டர் காவலாளியைத் தேடினார்.

"என் உடம்பு நல்லா இருக்கு. நூத்தம்பது பேரை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டுறேன்." இடது கன்னத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒரு குழி இருக்கு. வந்து தொட்டுப் பாருங்க. இது விளம்பரத்துல இல்ல."

பிறகு ஒரு வயதான ஆசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்து, அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, இருக்கு," என்று திரும்பிக் கூட்டத்திடம் சொன்னாள். அதற்கப்புறம் கேள்விகள் டாக்டரிடம் போகவில்லை.

"வலிச்சுதா?"

"எல்லா நூலும் இப்படித்தான் ஆகுமா?"

"எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு நல்லா நின்னிருக்கலாம். எனக்கு நிக்கல. நிக்காமப் போகலாம்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். அந்த யோசிக்கிற உரிமையத்தான் இவர் எடுத்துக்கிட்டாரு. அப்புறம் என் மூஞ்சியவும் எடுத்துக்கிட்டாரு."

காவலாளி வந்தான். நொயெமி அவன் குறுக்கே நின்று, "அவளத் தொட்டுப் பாரு, உன் ஆயுசுக்கும் எந்தக் கடையிலயும் உனக்கு முடி வெட்ட விடமாட்டேன்," என்றாள். அவனுக்கு வழுக்கை. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

வெளியே வரும்போது அந்த ஆசிரியை எஸ்னெடாவின் கையைப் பிடித்தாள். "மகளே, தப்பா நினைக்காதே. நெத்திக்கு ஊசி மட்டும் போட்டுக்கலாமா?"

இவ்வளவுக்குப் பிறகுமா என்று எஸ்னெடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் இருந்த ஆசை அவளுக்குப் புதிதில்லை. நாளைக்கே யாராவது தன் கன்னத்தை இரண்டு விரலால் ஏற்றிப் பிடித்தால் தானும் அந்தக் கணமே சம்மதித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதை நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது.

"போட்டுக்கணும்னா போட்டுக்கோங்க, தோன்யா. போடறது டாக்டர்தானான்னு பாருங்க. மருந்துக் குப்பிய உங்க கண்ணு முன்னால திறக்கச் சொல்லுங்க. சில மாசந்தான் நிக்கும். படம் எடுக்க வந்தா முடியாதுன்னு சொல்லுங்க."

நொயெமியின் வாடிக்கையாளர்களில் ஒரு வக்கீல் இருந்தாள். பின்பு என்று காட்டியிருப்பது வேறொருத்தியை என்று குறிப்பிட்டு அவள் ஒரே ஒரு கடிதம் போட்டாள். இரண்டு வாரத்தில் எஸ்னெடாவின் முகம் பேருந்துகளின் முதுகிலிருந்து இறங்கியது. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. மருத்துவமனை மூடவும் இல்லை. சனிக்கிழமைக் கூட்டமும் நடந்தது, இப்போது வாசலில் இரண்டு காவலாளிகள்.

அடுத்த மாதம், அதே நடுநகரத்துச் சாலையில், அவளுக்கு முன்னால் போன பேருந்தில் புது விளம்பரம் வந்தது. எழுத்துகள் அப்படியே இருந்தன. முன்பு என்ற இடத்தில் வேறொருத்தி. கறுப்புப் பட்டை, தாழ்ந்த மோவாய், மேலேயிருந்து விழுந்த வெள்ளை வெளிச்சம்.

எஸ்னெடா அந்த முகத்தை நிறுத்தத்துக்கு நிறுத்தம் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு நிறுத்தங்களை அறிவிக்கும் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"பயணிகளே, ஒரு நிமிஷம். முன்னால போற வண்டி முதுகுல ஒரு அம்மா முகம் இருக்கு. அவங்கள யாருக்காவது தெரிஞ்சா, இந்த வழித்தடத்துல எஸ்னெடான்னு ஒரு ஓட்டுநர் தேடுறாள்னு சொல்லுங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னும் சொல்லுங்க."

அந்த விளம்பரம் முன்னால் தெரிந்த ஒவ்வொரு நடையிலும் அதைச் சொன்னாள். மேலதிகாரி கூப்பிட்டு எச்சரித்தார். மறுநாளும் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அரான்ஹூயெஸ் நிறுத்தத்தில், ரொட்டிக்கடைச் சீருடையில் ஒரு பெண் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள். விளம்பரத்தில் இருந்ததைவிட எவ்வளவோ லட்சணமாக இருந்தாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"நீங்க தேடுனீங்கன்னு சொன்னாங்க."

"ஆமா. உன் பேரு என்ன?"

"ருபியேலா."

"உக்காரு ருபியேலா. கடைசி நிறுத்தம் வரைக்கும் வா. அங்க போனதும் என் தங்கச்சியையும் வக்கீலையும் கூப்பிடுறேன்," என்று சொல்லி எஸ்னெடா கதவை மூடினாள்.