மஞ்சள் சுவருக்கு நீலம்

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் போக எனக்குத் தெரியாது. அந்த வீட்டுச் சின்னவன் குறும்படம் எடுத்தால் கேட்கவா வேண்டும்? துடைப்பமும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய் இரண்டு வருடம். ஊட்டுவது, தலை வாருவது, துணி மாற்றுவது எல்லாம் மூத்த மருமகள்தான். இவன் கதையோ, கவனிக்க ஆளில்லாத ஒரு தாயைப் பற்றி. வேறு ஆள் தேடச் சோம்பல்பட்டு அம்மாவையே நடிக்க வைத்துவிட்டான்.

மருமகள் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஃப்ரேம்ல வர்றீங்க. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினாள். இன்னும் கொஞ்சம் என்றான். குளியலறைக் கதவில் முதுகு முட்டும்வரை போய் டம்ளரோடு நின்றாள். அம்மா அவள் பக்கமே பார்த்து, அடுத்த வாய்க்காக வாயைத் திறந்தபடி இருந்தாள். படத்தில் அது வராத பிள்ளைக்கு ஏங்கும் பார்வையாகிவிட்டது.

பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றினான். அண்ணி ஏணி போட்டுத் தன் கையால் அடித்த மஞ்சள் சுவர் நீலம் பாரித்தது. பூஞ்சை பிடித்த மாதிரி இருக்கே என்று அவள் கேட்டதற்கு, சோகம் தெரிய வேண்டாமா என்றானாம்.

படத்துக்குப் பரிசு. குடியிருப்புக் கூடத்தில் திரை கட்டிக் காட்டினான். கீழ்வீட்டு டீச்சர் மூக்கை உறிஞ்சினார். மருமகள் இருந்தும் இந்தக் கதியா என்று ஒரு வாய் சொன்னது. அந்த வாய் என்னுடையது. தினமும் அவள் ஊட்டுவதைக் கண்ணால் பார்த்தவள், ஆறு நிமிட நீலத்தை நம்பிவிட்டேன்.

பேச்சுக்குக் கால் முளைத்து மருமகளின் நாத்தனார் வீடுவரை போயிற்று. மறுவாரமே அவள் வந்து நின்றாள்.

"எங்கம்மாவை இப்படி இருட்டுல உட்கார வச்சிட்டு நீ என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?"

அம்மாவைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள். அது வெறும் கதை என்று சின்னவன் கெஞ்சினான். நிறத்தைக் கழற்றி, பழைய மஞ்சளோடு படத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். அப்பவும் அம்மா தனியாத்தானே இருக்காங்க என்றாள் அக்கா. சுவரை மீட்டுவிடலாம், ஃப்ரேமுக்கு வெளியே நின்றவளை எந்தக் கம்ப்யூட்டர் உள்ளே இழுக்கும்?

மூன்று மாதம் கழித்து அம்மாவைப் பார்க்க அவனும் அண்ணியும் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். வேடிக்கைக்காக இல்லை என்றால் யாரும் நம்பமாட்டீர்கள். அண்ணியைக் கண்டதும் அம்மா முகம் மலர்ந்தது. அவள் உட்கார்ந்து பாலை ஆற்றிப் புகட்டத் தொடங்கினாள். சின்னவன் அவசரமாகப் போனை எடுத்துப் பிடித்தான். கடைக்குப் போயிருந்த அக்கா வந்ததும் காட்ட அவனுக்கு இந்த ஒரு காட்சி போதும்.

போனைப் பார்த்ததுமே அண்ணி டம்ளரோடு எழுந்து, சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனாள்.

"அண்ணி, நீங்க இருக்கணும். உங்களைத்தான் எடுக்கிறேன்."

"வேணாம் தம்பி. நான் இருந்தா உங்களுக்குச் சரியா வராது."

அம்மா அவள் பக்கமே பார்த்து வாயைத் திறந்தபடி இருந்தாள். அவன் போனை இறக்கத் தெரியாமல் நின்றான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.