மார்கரீத்துக்கு ஒரு கட்டில்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அஞ்சலாட்சி குடியிருந்த மாடி வீட்டில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் அவள் படுத்தாள், அதுவும் சுவர் ஓரமாக ஒருக்களித்து. மிச்ச இடம் அப்போதைக்குப் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களுக்கு. உள்ளறையில் இன்னொரு கட்டில் இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகத்தில் இருந்தது, அவ்வளவுதான். கண்ணால் பார்த்துப் பல வருடம் ஆகிறது. அதன்மேல் நாவல்கள், நாவல்களின்மேல் சிறுகதைகள், அதற்கும் மேலே என்றோ நின்றுபோன பத்திரிகைகளின் தீபாவளி மலர்கள். அந்த அறையில் மின்விசிறியைப் போட்டால் மலர்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்று அவள் போடுவதே இல்லை.

சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் கவிதைகள். ஃபிரிட்ஜின் மேல் மொழிபெயர்ப்புகள். சோபாவில் கட்டுரைகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. தங்கை நிர்மலா கடைசியாக வந்தபோது நின்றுகொண்டே காபி குடித்தாள்.

"இது வீடா, குடோனாக்கா? மனுசி வந்தா எங்க உக்கார்றது?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வைக்க இடம் தேடினாள். கிடைக்காமல் அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனவள்தான், பிறகு வரவில்லை. அஞ்சலாட்சியும் கூப்பிடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. இந்தக் கோபம் இறங்குவதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது.

கல்யாணம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று சொந்தபந்தம் ஒரு காலத்தில் நிறையப் பேசியது, பிறகு அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடியதும் வந்த பணத்தை பேங்கில் போட்டு, வட்டியில் பாதிக்குச் சாப்பாடும் பாதிக்குப் புத்தகமும் என்று வீட்டோடு இருந்துவிட்டாள். சாப்பாட்டுப் பாதிதான் அடிக்கடி குறையும்.

நண்பர்களுக்கு மட்டும் குறைவே இல்லை. ஃபேஸ்புக்கில் ஒரு வாசகர் குழுவில் இருந்தாள். புத்தகத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு காபி டம்ளரை வைக்காதவர்களை அங்கே ஆளாகவே மதிப்பதில்லை. ஈப்போவில் ஒருவர், டொரண்டோவில் ஒருத்தி, தேனியில் ஒரு வாத்தியார் என்று எல்லாருக்கும் அஞ்சலாட்சி அக்காவைத் தெரியும். பிறந்தநாள் வந்தால் வாழ்த்துகள் குவியும். உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதி முடித்துவிட்டு, எழுந்துபோய்த் தன் ஒருத்திக்கு மட்டும் ஒரு பிடி அரிசி களைந்து வைப்பாள்.

அந்தக் கூட்டத்தில் மார்கரீத் மட்டும் வேறு மாதிரி. பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காரும் வேலை. பிறந்தது புதுச்சேரிதான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சிப்பாய், ஊரில் சொல்தா என்பார்கள். ஐந்தாவது படிக்கும்போதே குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டாள். "எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். யாராவது கூட இருந்து படித்தால் நன்றாக இருக்கும்" என்று ஒருநாள் குழுவில் எழுதியிருந்தாள். கீழே எல்லாரும் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள். அஞ்சலாட்சி தன் போன் நம்பரைப் போட்டாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் உண்டானது. அஞ்சலாட்சி எந்த நாவல் வாங்கினாலும் இரண்டு வாங்குவாள், ஒன்றைப் பிரான்சுக்குத் தபாலில் அனுப்புவாள். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், இங்கே விளக்கு வைக்கும் நேரம். மார்கரீத் காருக்குள் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டே போன் போடுவாள். ஒரு பக்கம் இவள் வாய்விட்டுப் படிப்பாள், அடுத்த பக்கம் அவள். வீடியோ வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். ஆரம்பத்தில் அவளுடைய ஒரு பக்கத்துக்குள் இவள் ஒரு கிண்ணம் வெங்காயம் உரித்துவிடலாம். ஐந்து வருடத்தில் அந்தக் குரல் ஓடக் கற்றுக்கொண்டது. புருஷன் அலெக்சி தன்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விட்டதை மார்கரீத் ஒரு பக்கத்தின் நடுவில் நிறுத்தித்தான் சொன்னாள். தனக்குக் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பதை அஞ்சலாட்சியும் அப்படித்தான் சொன்னாள், நிர்மலாவுக்கே தெரியாத காரணத்தையும் சேர்த்து.

போன அக்டோபரில் ஒருநாள் படித்து முடித்ததும் மார்கரீத் சொன்னாள்: "அக்கா, கல்லறைத் திருநாளுக்கு வரேன். அம்மா கல்லறையில கல்லு மாத்தணும். ஒரு வாரம் இருப்பேன். ஹோட்டல் பாத்துட்டு இருக்கேன்."

"ஹோட்டலா? நல்லா இருக்குது நாயம். எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது."

சொன்ன பிறகுதான் அந்தச் "சும்மா"வின் யோக்கியதை அவளுக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டு உள்ளறை வாசலில் போய் நின்றாள். உள்ளே கால் வைக்க ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. ஒரு மனுஷி இந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கப் போகிறாள், காலையில் இன்னொரு டம்ளர் காபி கலக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு வாரம் அவளுக்கு வேண்டும். என்ன ஆனாலும் வேண்டும்.

புத்தகங்களை எடுத்துக்கொள்வார்களா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டாள். வைக்க பீரோ இல்லை என்றார்கள். வீட்டுக்காரரிடம் மொட்டை மாடி அறையைக் கேட்டாள். மாடியே இறங்கிவிடும் போலிருக்கிறது என்று அவர் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த ஆள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் போடும் சாமிக்கண்ணு குட்டி யானை வண்டியோடு வந்து சேர்ந்தார்.

"இன்னாம்மா, இதுல பாதி நான் குடுத்ததாச்சே," என்றார் உள்ளறையைப் பார்த்து.

"ஆமாங்க. உங்களுதுதான்."

"இது ரெண்டு இருக்குது. இதுவும் ரெண்டு இருக்குது."

"தேடிப் பாத்தேன், கெடைக்கல. அதான் மறுபடியும் வாங்கினேன்."

"எங்கிட்டயே மறுபடி வாங்கியிருக்கீங்க," என்று சாமிக்கண்ணு மனம்விட்டுச் சிரித்தார். கட்டு கட்டாகக் கீழே இறங்கியது. அஞ்சலாட்சி சமையலறையில் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். போய் நின்றால் இதை விடுங்கள், அதை விடுங்கள் என்று பாதியை இறக்கிவிடுவோம் என்று தெரிந்ததால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை வெளியே வரவில்லை.

கட்டில் வெளியே தெரிந்தது. மெத்தையில் சதுரம் சதுரமாகப் பள்ளம். திருப்பிப் போட்டாலும் பள்ளம். புது மெத்தை வாங்கினாள், நீலப் பூப்போட்ட விரிப்பு வாங்கினாள், பாத்ரூமுக்குப் புது வாளி, வெந்நீருக்கு ஹீட்டர். மின்விசிறியைப் போட்டுவிட்டு அதில் ஒருமுறை படுத்தும் பார்த்தாள். கூடப் பிறந்தவள் கேட்டபோது ஒரு நாற்காலியைக்கூடக் காலி செய்யவில்லை, நேரில் பார்க்காத ஒருத்திக்கு ஒரு அறையையே காலி செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. நிர்மலாவைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். விருந்தாளி போகட்டும், பிறகு கூப்பிடலாம் என்று ஒத்திப்போட்டாள்.

மார்கரீத் வந்தாள். வாசலில் நின்றது குட்டையாக வெட்டிய நரைமுடியோடு, பேன்ட் போட்ட, அஞ்சலாட்சியைவிட ஒரு தலை உயரமான பெண். அஞ்சலாட்சி ஐந்து வருடமாகப் பேசியது ஒல்லியாக, சின்னதாக, பின்னல் போட்ட ஒருத்தியோடு. போட்டோ பார்த்திருந்தாள்தான். ஆனால் போட்டோ ஒரு பக்கம், மனதில் இருந்தது ஒரு பக்கம்.

"அக்கா," என்றாள் அந்த உயரமான பெண். குரல் மட்டும் மார்கரீத்தினுடையதாக இருந்தது. கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தாள். எந்தக் கன்னத்தைக் காட்டுவது என்று தெரியாமல் இவள் மூக்கை இடித்துக்கொண்டாள்.

"வா மார்கரீத்து. பயணம்லாம் சௌரியமா?"

"சௌரியம் அக்கா. உங்களுக்குத்தான் சிரமம்."

"எனக்கு இன்னா சிரமம்."

அதற்குமேல் இருவருக்கும் ஓடவில்லை. வைத்திக்குப்பத்தில் விடியற்காலையே போய் நின்று வாங்கிவந்த வஞ்சரத்தை வறுத்துப் போட்டாள். மார்கரீத் நன்றாக இருக்கிறது என்றாள். இன்னொரு துண்டு வைத்தாள். அதுவும் நன்றாக இருக்கிறது என்றாள். போனில் ஒரு மீன்குழம்பைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர்கள் அவர்கள். அஞ்சலாட்சி அந்த இடைவெளியை எல்லாம் தானே பேசி அடைத்தாள்: வீட்டுக்காரர், தண்ணீர் மோட்டார், கரண்டு பில். தன் வாய் தனக்கே சகிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. மார்கரீத் அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

விளக்கு வைத்ததும், "படிக்கலாமா?" என்று கேட்டாள் மார்கரீத். இருவருக்கும் உயிர் வந்தது. ஆளுக்கொரு பிரதியை எடுத்துக்கொண்டு எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அஞ்சலாட்சி ஆரம்பித்தாள். நாலு வரி போயிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் மார்கரீத் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்துபோன கடைவாய்ப் பல் இவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எதிரே இருப்பவள் வேறு பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள். எப்படியோ பக்கத்தை முடித்தாள். மார்கரீத் தன் பக்கத்தை எடுத்ததும் பழையபடி எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஐந்து வருடப் பழக்கம் அந்த மூன்றடி தூரத்தில் காணாமல் போனது. பாதியில் நிறுத்திச் சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

"களைப்பா இருக்கும். போய்ப் படு," என்றாள் அஞ்சலாட்சி.

மறுநாள் காலையில் அவள் இரண்டு டம்ளர் காபி கலந்து கொண்டுவந்தபோது பெட்டி ஹாலில் நின்றது.

"யோஹான் ரொம்பக் கோச்சிக்கிறான் அக்கா. பெரியம்மா பையன். சொந்தக்காரங்க இருக்கும்போது வேற எடத்துல தங்கலாமாங்கறான். கல்லறையும் அங்கேர்ந்து கிட்ட."

இரவு கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பிரெஞ்சில் தாழ்ந்த குரலில் பேசியது கேட்டிருந்தது. நடுவில் யோஹான், யோஹான் என்று வந்தது. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று புரிந்துகொள்ள அஞ்சலாட்சிக்குப் பிரெஞ்சு வேண்டியிருக்கவில்லை.

"போய்ட்டு வா. சொந்தம்னு இருந்தா அப்படித்தான்," என்றாள். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து மாடிப்படி இறக்கிக் கொடுத்தாள். ஆட்டோக்காரரிடம் வாடகையும் பேசிவிட்டாள். மேலே வந்து இரண்டு காபியையும் தானே குடித்தாள். அன்று ஃபேஸ்புக்கைத் திறக்கவில்லை. தன் முகத்தில் என்ன குறை, பேச்சில் என்ன குறை, மீனில் உப்பு தூக்கலோ என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளறைப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, எந்தப் பக்கத்துல விட்டோம்?"

"எங்கேர்ந்து பேசுற?"

"யோஹான் வீட்டு பால்கனிலேர்ந்து. இங்க நல்ல மழை."

"இங்கயும்தான்."

ஐந்து வருடமாக இந்த இடத்தில் அவர்களுக்குப் பேச்சு இருந்தது. அங்கே பனியா, இங்கே வெயில் கொளுத்துது என்று ஆரம்பித்தால் போய்க்கொண்டே இருக்கும். இன்றைக்கு இரண்டு பேர் தலைக்கு மேலும் ஒரே மழை. ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரம்கூட ஆகாது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்காதீங்க. நேருல உங்களப் பாக்கறப்ப யாரோ மாதிரி இருந்துச்சி. பயமாகூட இருந்துச்சி."

"எனக்கும்தான் மார்கரீத்து."

பொய் இல்லை, அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள், மூன்று நாள் இருந்திருந்தால் பழகியிருக்கும். மனுஷர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள். அதைச் சொல்லலாமா என்று தயங்கி, கடைசியில் தன் ரோஷத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு வாயேன். தங்க வேணாம், சும்மா வந்துட்டுப் போ. எறா வாங்கிட்டு வந்து தொக்கு பண்றேன்."

மழைச் சத்தம் போனிலும் கேட்டது, ஜன்னலிலும் கேட்டது.

"போன்லயே பேசுவோம் அக்கா," என்றாள் மார்கரீத் ரொம்பப் பிரியமாக. "இதுலதான் நீங்க என் கூடவே இருக்கற மாதிரி இருக்குது. இருக்கற வரைக்கும் தெனமும் இதே நேரத்துக்குப் பண்றேன். சரியா?"

அஞ்சலாட்சி புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"சரி. நேத்து நீ பாதியில நிறுத்தின. மேலேர்ந்து படி."

மார்கரீத் படித்தாள். எழுத்துக் கூட்டவில்லை, தடுமாறவில்லை. ஐந்து வருடமும் சேர்ந்து திரும்பி வந்ததுபோல் குரல் தெளிவாக ஓடியது. கேட்கக் கேட்க அஞ்சலாட்சிக்கு அழுகை முட்டியது. அழுதால் அந்தப் பக்கம் கேட்டுவிடும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கம் முடிந்தது.

"அக்கா? உங்க பக்கம்."

"இரு," என்றாள். ஒரு வாய் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு, தன் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள்.